வெண்கல நிறத்தில் நான்கு சக்கரங்கள்

வண்டிக்குள் இன்னும் பெயிண்ட் வாசனை போகவில்லை. சக்கரத்துக்கு அடித்த பெயிண்ட் சீட்டில் எப்படி வந்து உட்கார்ந்துகொண்டதோ தெரியவில்லை. மூர்த்தியின் கார் பட்டறையில் பத்து நாள் கண்ணாடியை இறக்கிவிட்டே நிறுத்தியிருந்தார்கள், அதனால் இருக்கும். இன்று திட்டக்குடி போய் வந்த வழியெல்லாம் அந்த வாசனைதான். உன் மகள் தேன்மொழி மூக்கைச் சுளிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்குது சித்தி" என்றாள். இப்போது உன் வீட்டு உள்ளறையில் இரண்டு கை நிறைய வளையலோடு படுத்துத் தூங்குகிறாள்.

மதியம் மூன்று மணி. நான் முன்னறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே உன் வண்டி நிற்கிறது. தெருவில் போகிறவர்கள் குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எதிர்வீட்டு டீச்சர் செல்போனில் படமே எடுத்துவிட்டார். எனக்குக் கை பரபரவென்று இருக்கிறது. இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது? நீ போய் இரண்டு வருடமாகிறது என்பதை இன்றைக்கு நான் கணக்கில் எடுத்துக்கொள்வதாக இல்லை. கேள், முதலிலிருந்து சொல்கிறேன்.

பீங்கான் கம்பெனியில் நாம் இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே நின்று பதினாறு வருடம் வேலை பார்த்தோம். சூளையிலிருந்து வரும் ஊறுகாய் ஜாடிகளையும் டீ கோப்பைகளையும் தரம் பிரிக்கிற மேசை. ஊசிமுனை அளவு புள்ளி இருந்தாலும் நீ இரண்டாம் தரத்தில் தள்ளிவிடுவாய். போனால் போகிறது என்று நான் முதல் தரத்தில் வைத்ததை எட்டி எடுத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டுவாய். "கண்ண வூட்டுல வச்சிட்டு வந்துட்டியாடி?" என்று கேட்பாய். அந்த மேசைக்காரிதான் நாற்பத்தெட்டு வயதில் கார் வாங்கப் போகிறேன் என்றாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். ரயில்வேயில் வேலை பார்த்த உன் வீட்டுக்காரருக்கே (அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்) சைக்கிளுக்கு மேல் ஓட்டத் தெரியாது. நீ எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாய், துணைக்கு வா என்று என்னையும் சேர்த்துவிட்டாய். ஐம்பதை நெருங்கும் இரண்டு பெண்கள் முன்சீட்டிலும் பின்சீட்டிலும் மாறி மாறி உட்கார்ந்து ஜங்ஷன் ரோட்டில் இன்ஜினை அணைத்து அணைத்து ஓட்டியதை ஊரே பார்த்தது.

வெள்ளை நிறப் பழைய வண்டி ஒன்று விலைக்கு வந்தது. நான் இன்ஜினைப் பார்த்தேன், அண்ணன் சீட்டைத் தட்டிப் பார்த்தார். நீ நேரே சக்கரத்தின் முன்னால் குந்தினாய். வெள்ளிபோல் மின்னும் அலாய் சக்கரங்கள். ஜாடியைத் தடவுவதுபோல விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினாய். "கார் கம்பெனியிலயே மாட்டி வந்த வீலுடி. ஒரு கீறல் கெடையாது பாரு" என்றாய். அந்த விரல் ஓட்டத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, வண்டி வாங்கியாகிவிட்டது என்று.

மூன்றே மாதத்தில் நான்கு சக்கரத்திலும் கீறல். பழமலைநாதர் கோயில் வீதியில் ஓரக்கல்லில் உரசினாய். ஸ்டேஷனில் அண்ணனை ஏற்ற வந்தபோது நடைமேடைப் பக்கத்துச் சுவரில் உரசினாய். மற்ற இரண்டும் எங்கே என்று உனக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் நீ இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாய், நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பைத்தான் நான் இவ்வளவு நாளும் நினைவில் வைத்திருந்தேன்.

நீ திடீரென்று போனாய். ஒரு நாள் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி இன்றைக்கு எழுத மாட்டேன். வண்டி தார்ப்பாயின் கீழ் ஆறு மாதம் கிடந்தது. ஒரு நாள் அண்ணன் என் வீட்டுக்கு வந்து சாவியை நீட்டினார். "நீயாவது ஓட்டும்மா. நின்னுகிட்டே இருந்தா கெட்டுப்புடும்" என்றார். அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் எடுக்கிறேன். சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, யாருக்காவது ரயில் பிடிக்க வேண்டுமென்றால் ஸ்டேஷனுக்கு. இடதுபக்க முன்சக்கரம் மட்டும் வாரம் ஒருமுறை காற்று இறங்கிப்போகும். பஞ்சர் கடையில் ஆணி எதுவும் இல்லை என்றார்கள். நிரப்பிக்கொண்டு ஓட்டினேன்.

போன மாதம் அண்ணன் மறுபடி வந்தார். முகமே வேறாக இருந்தது. "தேனுக்கு வளைகாப்பு வச்சிருக்காங்க. திட்டக்குடியில, அவங்க வூட்டுலயே. முடிச்சிட்டு இங்க கூட்டிகிட்டு வரணும். அவ அம்மா வண்டியிலதான் வருவேங்குறா. நீதாம்மா ஓட்டணும்."

எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்தான். உடனே போய் வண்டியைக் கழுவினேன். கழுவக் கழுவ மேலே எல்லாம் பளிச்சென்று ஆனது, சக்கரங்கள் மட்டும் ஆகவில்லை. மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. விளிம்பெல்லாம் நாய் கடித்ததுபோல. இதிலா உன் மகளை ஏற்றிவருவது?

டிங்கரிங் பட்டறை மூர்த்தி ஒரே பார்வையில் தீர்த்துவிட்டான். "இத்த கழட்டிப் போடுங்கக்கா. புது வீலு, பெரிய சைஸு, மாட்டுனா வண்டியே மாறிப்புடும்."

"இது கம்பெனியில மாட்டி வந்தது, தம்பி. இதுதான் இருக்கணும்."

"அப்டின்னா தேய்ச்சி, பட்டி வச்சி, பெயிண்ட் அடிச்சித் தரேன். கீறலு ஒண்ணு கூடத் தெரியாது."

ஒன்றுகூடத் தெரியாது என்றதும் நான் குனிந்து விளிம்பைப் பார்த்தேன். கோயில் வீதிக் கீறல், ஸ்டேஷன் கீறல். உன் கை ஸ்டீரிங்கைத் திருப்பி உரசிய இடங்கள். அதை உப்புத்தாள் போட்டு நானே அழிக்கச் சொல்வதா? "யோசிச்சிச் சொல்றேன்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் யோசித்தேன். தாளில் எழுதிப் பார்த்தேன், அடித்தேன். அழுக்கான சக்கரத்தோடு சம்பந்தி வீட்டு வாசலில் போய் நிற்பது ஒரு பக்கம், நீ இல்லாத வெறும் பளபளப்பு ஒரு பக்கம். முடிவே வராமல் தேன்மொழிக்குப் போன் போட்டேன். அவள்தான் இதைச் சொல்ல வேண்டியவள்.

"உங்க அம்மா கீறுனது, தேனு. அத அழிச்சிடட்டுமா, அப்படியே வுட்டுடட்டுமா?"

அவள் சிரித்தாள். "சித்தி, ஒங்களுக்குத் தெரியவே தெரியாதா? அம்மா ஞாயித்துக்கெழம ஆனா பல்லு விளக்குற பேஸ்ட்டப் போட்டு அந்தக் கீறல தேய்ப்பாங்க. தேய்ச்சித் தேய்ச்சிப் போவலன்னதும் கண்ணு கலங்கிடும். ஒங்க முன்னாடி சிரிப்பாங்க, இங்க வந்து அழுவாங்க. நாலையும் ஒரு நாளு புதுசு பண்ணிப்புடணும், அதுவும் வெங்கலக் கலருல பண்ணணும்னு சொல்லிகிட்டே இருப்பாங்க. கல்யாண மண்டபத்துல ஒரு வண்டியப் பாத்துட்டு வந்து அந்தக் கலரையே பெனாத்துனாங்க."

போனை வைத்தேன். ஊசிமுனைப் புள்ளியைப் பொறுக்காதவள் அந்தக் கீறலைப் பொறுத்திருப்பாய் என்று நான் எப்படி நினைத்தேன்? உன் அவமானத்தைப் போய் நான் நினைவுச்சின்னமாக வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே சிரிப்பு வந்தது. மறுநாள் காலை அண்ணனையும் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போய் இறங்கினேன். "அடிச்சிடு தம்பி" என்றேன்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்காது.

மூர்த்தி டயர்களைக் கழற்றினான். மூன்று சக்கரம் சரியாக இருந்தது. இடதுபக்க முன்சக்கரத்தைத் தூக்கி உள்பக்கத்தைத் துடைத்தவன் என்னைக் கூப்பிட்டான். மயிரிழை போல ஒரு விரிசல், என் சுண்டுவிரல் நீளத்துக்கு. காற்று எங்கே போனது என்பது அப்போதுதான் புரிந்தது.

"பழைய அடிக்கா. பெரிய பள்ளத்துல உழுந்திருக்குது. வெல்டு வச்சி மேல பெயிண்ட் அடிச்சிட்டா தெரியாது."

"வேணாம். விரிசல் உட்டத மூடி முதல் தரத்துல வைக்க மாட்டேன்" என்றேன். என் வாயில் உன் பேச்சு.

அண்ணன் விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெலிங்டன் ஏரிக்குப் போயிட்டு வந்தீங்களே, அன்னிக்குதான். அவதான பள்ளத்துல உட்டா" என்றார்.

நான் கீழே கிடந்த நட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன். உனக்கு நினைவிருக்கும். ஏரி நிரம்பிவிட்டது என்று கேள்விப்பட்டு நாம் இருவரும் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனோம். கரையில் காற்று சேலையைப் பிடுங்கியது. திரும்பும்போது நான் ஓட்டுகிறேன் என்று கேட்டு வாங்கினேன். எனக்கு அப்போது லைசென்ஸ்கூட வரவில்லை. பேச்சு சுவாரஸ்யத்தில் தண்ணீர் நிறைந்த பள்ளத்தைக் குட்டை என்று நினைத்து இறக்கிவிட்டேன். தடால் என்று ஒரு சத்தம். நீ முன்னால் போய் இடித்துக்கொண்டாய், நெற்றி வீங்கியது. வீட்டுக்கு வந்ததும் அண்ணன் வாசலில் நின்று கேட்டார், யார் ஓட்டியது என்று. நான் வாய் திறப்பதற்குள் "நான்தான்" என்றாய். பின்னால் என்னிடம் சொன்னாய்: "நீன்னு தெரிஞ்சா ஒன்ன வண்டிப் பக்கமே வுட மாட்டாரு. என்ன எத்தன நாளைக்கு வுடாம இருந்துடுவாரு?" இரண்டு மாதம் விடவில்லை. சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். நீ மறுபடி கம்பெனிக்கு நடந்தே வந்தாய். நானும் உன்கூட நடந்தேன், அவ்வளவுதான் நான் செய்தது.

பட்டறையிலிருந்து அண்ணனோடு வீட்டுக்கு நடந்து திரும்பும்போது மணிமுத்தாற்றுப் பாலத்தின் மேல் நின்றேன். இனியும் சுமக்க முடியாது என்று தோன்றியது.

"அண்ணே, அன்னிக்கு ஓட்டுனது நான்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு மாசம் சாவிய வாங்கி வச்சிகிட்டேனே, அவகிட்டேருந்து. என்னென்ன பேசுனேன் தெரியுமா? ரெண்டு பேருல ஒருத்தருக்குக் கூட வாய் வரலியா?" பஸ் ஒன்று எங்களைக் கடந்து போனது. அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார்.

மூன்று நாள் அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. வளைகாப்புக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. வண்டி பட்டறையில் சக்கரம் இல்லாமல் முட்டுக்கட்டை மேல் நின்றது. வாடகைக் கார் வைத்துக்கொண்டு என்னைக் கழற்றிவிடுவார் என்றே நினைத்தேன். விட்டால் அது நியாயம்தான் என்றும் நினைத்தேன். ஆனால் மனம் கேட்கவில்லை. இதே மாதிரிச் சக்கரம் வேப்பூர் பக்கம், நெடுஞ்சாலையில் அடிபட்ட வண்டிகளைப் பிரித்து விற்கிற இடத்தில் கிடைக்கலாம் என்று மூர்த்தி சொல்லியிருந்தான். தனியாகவே போய்விடுவது என்று நான்காம் நாள் காலை கிளம்பினேன். கதவைத் திறந்தால் வாசலில் அண்ணன், கையில் மஞ்சப்பை.

"வேப்பூரு போவணும்னு மூர்த்தி சொன்னான். வா, பஸ்ஸு வந்துடப் போவுது."

பஸ் பாதி வழி தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னார்: "அவ பொய் சொன்னா கண்டுபுடிச்சிடுவேன்னு நெனச்சிகிட்டு இருந்தேம்மா, இத்தன வருசமா." பிறகு, கொஞ்சம் பெருமைபோலவே, "நல்லாத்தான் சொல்லியிருக்கா" என்றார். நான் அழுதேன். அவர் பையிலிருந்து ஆரஞ்சு எடுத்து உரித்துக் கொடுத்தார்.

அந்த இடத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! கதவு ஒரு மலை, பம்பர் ஒரு மலை, ஸ்டீரிங் மாலை மாலையாகக் கோத்துத் தொங்குகிறது. சக்கரங்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். கடைக்காரர் "தேடிப் பாத்துக்குங்கம்மா" என்று விட்டுவிட்டார். நானும் அண்ணனும் வெயிலில் ஒவ்வொன்றாகப் புரட்டினோம். நட்டு மாட்ட நான்கு துளை, பின்பக்கம் பொறித்திருக்கும் எண், ஐந்து கம்பி வடிவம், எல்லாம் ஒத்துவர வேண்டும். ஒன்று வடிவம் சரி, அளவு தப்பு. ஒன்று எல்லாம் சரி, விளிம்பு நெளிசல். இரண்டு மணி நேரம் ஆயிற்று. என் சேலை கறுத்துவிட்டது. கடைசியில் ஒரு கதவுக் குவியலுக்குப் பின்னாலிருந்து அண்ணன் கத்தினார், "இங்க வாம்மா! இங்க வாம்மா!" ரயிலுக்குக் கொடி காட்டுகிறவர்போல் கையை ஆட்டினார். ஓடினேன். துடைத்தேன். எண் ஒத்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, மேசையில் நீ செய்வதுபோல உள்பக்கம் முழுக்க விரலை ஓட்டினேன். மூன்று முறை ஓட்டினேன். ஒரு புள்ளி இல்லை.

"முதல் தரம்" என்றேன். அண்ணன் அதைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார், கண்டக்டர் எவ்வளவு சொல்லியும் கீழே வைக்கவில்லை.

நிறம் என்ன என்று மூர்த்தி கேட்டபோது எனக்கு உள்ளே தடுமாற்றம் வந்தது. கம்பெனி நிறம் வெள்ளி. வெண்கலம் என்றதும் அவனே சிரித்தான். "அது காலேஜு பசங்க அடிக்கிற கலருக்கா. வளகாப்புக்குப் போற வண்டிங்கிறீங்க, சம்பந்தி வூட்டுல என்னா நெனப்பாங்க?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் யோசிக்கவே இல்லை. "அவ கேட்டத அடி" என்றார்.

பத்து நாள் வேலையை ஐந்து நாளில் முடிக்கச் சொல்லித் தினமும் போய் நின்றேன். உப்புத்தாள் தேய்த்து, பட்டி வைத்து, மறுபடி தேய்த்து, சாம்பல் நிறத்தில் பிரைமர் அடித்து, கடைசியாக ஒரு நாள் காலை வெண்கலம் ஏறியது. முதல் பூச்சிலேயே எனக்குப் புல்லரித்தது. வெயில் பட்ட குத்துவிளக்குபோல இருந்தது. பூச்சில் ஒரு இடத்தில் தூசி விழுந்திருப்பதைக் கண்டுபிடித்துத் திரும்ப அடிக்கச் சொன்னேன். மூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான்.

இன்று காலை திட்டக்குடியில் நான் வண்டியைத் திருப்பி நிறுத்தியபோது வாசலில் நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது. தேன்மொழியின் மாமியார் எட்டிப் பார்த்து, "டிரைவர் எங்க?" என்று கேட்டார். "நான்தாங்க" என்றேன். தேன்மொழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, நேரே சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றாள். குனிய முடியவில்லை அவளால். கையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு "அம்மா" என்றாள், அவ்வளவுதான்.

மனையில் உட்காரவைத்ததும் சடங்கை முன்னின்று நடத்திய அம்மாள் கேட்டார், "பொண்ணுக்கு அம்மா முறைக்கு மொத வளையலு போடுறது யாருங்க?" உன் நாத்தனார் எழுந்திருக்கப் போனார். நான் கூட்டத்துக்குப் பின்னால் சுவரோரம் நின்றிருந்தேன், வண்டி ஓட்ட வந்தவள்தானே.

"இவங்கதான்" என்றார் அண்ணன். திரும்பி என்னை விரலால் காட்டினார். "வாம்மா, வந்து போடு."

பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்றை உன் மகளின் கையில் ஏற்றினேன். அது உடையாமல் ஏற வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஏறியது. சந்தனம் தடவினேன். அவள் கன்னம் உன் கன்னம் மாதிரியே சூடாக இருந்தது.

பெண்ணாடம் வழியாக இருபது கிலோமீட்டர் வேகத்தில் வந்தோம். பள்ளம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் அண்ணன் பின்சீட்டிலிருந்து "பாத்தும்மா" என்றார். ஒன்றில்கூட இறக்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தேன்மொழி எழுந்து வந்துவிட்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜன்னலில் வண்டியைப் பார்த்தாள். "சித்தி, சாவியக் குடுங்களேன். சும்மா ஒக்காந்து பாக்குறேன். கொழந்த பொறந்ததும் எனக்குக் கத்துக் குடுக்கணும் நீங்க."

டிரைவிங் ஸ்கூலையே முடிக்காத என் கையில் நீ அப்போதுதான் வாங்கிய வண்டியின் சாவியை வைத்தாய். ஓட்டத் தெரியுமா, இடித்துவிடுவாயா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "எடுடி" என்றாய். உன்னிடமிருந்து எனக்கு வந்துசேர்ந்தது அந்த ஒரு சொல்தான். நான் யாரிடமும் அதை இதுவரை சொன்னதில்லை.

சாவியை எடுத்து நீட்டினேன். "எடுடி" என்றேன். சீட்டைப் பின்னால் தள்ளி, வயிற்றுக்கு இடம்விட்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள். வளையல் சத்தம் இங்கே வரை கேட்கிறது. பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.